காரணமின்றிப் பெண்ணாக இருக்க மூன்று மணி நேர அனுமதி

எந்த அரசாங்கமாக இருந்தாலும் அதற்கு ஒரு மூலகாரணக் கண்டறிதல் பிரிவு அவசியம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். லிஃப்ட் அறுந்து விழுந்தால் ஏன் விழுந்தது என்று ஒருவர் கேட்க வேண்டும். கொதிகலன் வெடித்தால் ஏன் வெடித்தது என்று கேட்க வேண்டும். கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவர் இல்லாவிட்டால், சம்பளம் வாங்காத பலரும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அது நிர்வாகத்துக்கு நல்லதல்ல.

அந்தத் துறைமுக ஊரில் இந்தப் பணியைச் செய்துவந்தவர் மூலகாரண அலுவலர். கைசுத்தமானவர், நேரம் தவறாதவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். இப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்கவே முடியாது. அவருடைய முறை மிக எளிமையானது. "ஏன்?" என்று கேட்பார். வருகிற பதிலைப் பார்த்து மறுபடியும் "ஏன்?" என்பார். எந்தப் பதிலுக்கு ஒரு மனிதரிடம் கையெழுத்து வாங்க முடியுமோ, அதுதான் மூலகாரணம். அங்கே கோப்பு மூடப்படும்.

ஒருமுறை ஒரு லிஃப்ட் விழுந்தது. ஏன்? கயிறு அறுந்தது. ஏன்? எண்ணெய் போடவில்லை. ஏன்? ஸ்டோர்கீப்பர் விடுப்பில் போயிருந்தார். ஏன்? அவர் மச்சானுக்குக் கல்யாணம். மச்சான் நல்ல மனிதர், கேட்டவுடன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். லிஃப்ட் விழுந்ததற்கு மூலகாரணம் அந்த மச்சானின் கல்யாணம் என்று இன்றைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. அவர் மனைவி மட்டும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

கிரேன் அக்கா இந்தப் பிரிவைப் பற்றி அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. துறைமுகத்தின் பெரிய கிரேன் அவருடையது. அத்தனை உயரத்தில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கூண்டில் உட்கார்ந்து, வீடு அளவு பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் வைப்பார். லாரி டிரைவர் டம்ளரில் வைத்திருக்கும் டீ சிந்தாது. பிறந்தபோது ஆண் என்று எழுதிவைத்திருந்தார்கள். எழுதியவர்கள் அவரிடம் கேட்டு எழுதவில்லை. வளர்ந்ததும் தன்னை யாரென்று தான் அறிந்திருந்தாரோ அப்படியே நடக்கவும் உடுத்தவும் ஆரம்பித்தபோது, துறைமுகத்தில் ஒரு வாரம் குசுகுசுவென்று பேசினார்கள். இரண்டாவது வாரம் மூன்று கப்பல்கள் ஒன்றாக வந்துவிட்டன. அதற்குப் பிறகு எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட வயதில் மூத்த மேஸ்திரிக்கும் அக்காதான்.

மிச்சம் இருந்தது லைசென்ஸ். அதில் மட்டும் இன்னும் ஆண் என்றே இருந்தது. திருத்தித் தரும்படி அவர் லைசென்ஸ் அலுவலகக் கவுன்டரில் நீட்டினார். கவுன்டரில் இருந்தவர் மிகவும் மரியாதையாக லைசென்ஸை வாங்கி, மரியாதையாக அதன் நடுவில் ஓட்டை போட்டார்.

"பழசு செல்லாது மேடம். திருத்துறதுக்கு மனு குடுத்துட்டீங்க, அதனால. புதுசு வர்ற வரைக்கும் கிரேன்ல ஏறாதீங்க. மாத்துறதுக்குக் காரணம் என்னன்னு சொல்லுங்க."

"நான் பெண்."

"அது கோரிக்கை மேடம். காரணம் எங்க?"

காரணம் இல்லாமல் எந்தப் பதிவையும் மாற்றக் கூடாது என்று ஒரு விதி. கொதிகலன்களின் பதிவேட்டுக்காக யாரோ ஒரு காலத்தில் எழுதியது. "எந்தப் பதிவையும்" என்று எழுதியவர் கொதிகலன் என்ற சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டார். ஆகவே அக்காவின் கோப்பு மூலகாரணப் பிரிவுக்குப் போனது. துறைமுக மேற்பார்வையாளர் நல்லவர்தான், ஆனாலும் கையைப் பிசைந்தார். "மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் வரலேன்னா வெளியூர்லேர்ந்து ஆள் எடுக்கச் சொல்லிட்டாங்கக்கா. உங்களுக்குக் கீழ குடோன்ல ஏதாவது இடம் பார்க்கறேன்" என்றார்.  தரையில் அக்காவுக்கு வேலை பார்த்துப் பழக்கமில்லை. அந்தக் கூண்டுதான் அவருக்கு வீடு, வாசல், வருமானம் எல்லாம்.

மூலகாரண அலுவலர் அவரை அன்போடு வரவேற்று உட்காரவைத்தார்.

"பழுது முதன்முதல்ல எப்பக் கவனிக்கப்பட்டுது?"

"பழுதா? என்ன பழுது சார்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. கொதிகலனுக்கு அடிச்ச படிவம். தீர்ந்ததும் வேற அடிச்சிடுவோம்."

"எப்பத் தீரும்?"

"நாலாயிரம் கிடக்கு. வருஷத்துக்கு ஏழெட்டு செலவாகும்."

அக்கா பெருமூச்சு விட்டார். "எனக்கு விவரம் தெரிஞ்சப்பவே தெரியும் சார். நாலு வயசுன்னு போட்டுக்குங்க."

"அப்பப் பணியில் இருந்தவர்?"

"எங்க அம்மா."

"உற்பத்தியாளர்?"

"அதுவும் அம்மாதான். அப்பாவும் கொஞ்சம்."

"கடைசியா எண்ணெய் போட்டது?"

"காலையில. தலைக்கு."

எல்லாவற்றையும் அவர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றி, தன் வேலையின் சாரத்துக்கு வந்தார்.

"நீங்க ஏன் பெண்?"

"தெரியலையே சார். நீங்க ஏன் ஆண்?"

"அது இந்தக் கோப்புல வராது" என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

முதல் ஏனுக்கே பதில் இல்லாத கோப்பு ஒன்று தன் மேசைக்கு வந்திருப்பதில் அவருக்கு உள்ளூர ஒரு கிளர்ச்சி. இத்தனை வருஷமும் கயிறு, எண்ணெய், ஸ்டோர்கீப்பர் என்றே காலம் ஓடிவிட்டது. மறுநாளே மருத்துவக் கல்லூரிப் பேராசிரியையை வரவழைத்தார். அந்த அம்மாள் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஓடிவந்தவர், கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை.

"பாருங்க சார்," என்றார் பேராசிரியை, "தான் ஆணா பெண்ணாங்கற உணர்வு எங்கேருந்து வருதுன்னு நிறையப் பேர் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. மரபணு கொஞ்சம் காரணமா இருக்கலாம். இரட்டைப் பிள்ளைங்களை வச்சுப் பார்த்ததுல அதுக்கு அடையாளம் தெரியுது. கருவுல இருக்கும்போது சுரக்கற ஹார்மோன் ஒரு காரணமா இருக்கலாம். மூளையைப் படம் எடுத்தும் பார்க்கறாங்க. எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். இதுதான் ஒரே காரணம்னு இதுவரைக்கும் யாருக்கும் கிடைக்கலை."

"இருக்கலாம்" என்று எழுதப் போன பேனா நின்றது.

"'இருக்கலாம்' செல்லாது மேடம். ஒரு தடவை லிஃப்ட் விழுந்திருக்கலாம்னு எழுதி ஆடிட்ல மாட்டிக்கிட்டோம். இதுக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க?"

"இருக்கலாம்னா நான் போடறேன். இருக்குன்னா போட மாட்டேன். ஏன் சார், இவங்க சொல்றதே போதாதா? நாங்கள்லாம் வந்தவங்களைத்தான் கேட்போம்."

"தன்னைப் பத்தித் தானே சொல்றது சுயசான்று. மேல ரெண்டு அதிகாரிகள் ஒப்பம் வேணும். அவங்க காரணம் கேட்பாங்க."

"வேற என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அளக்கற மாதிரி ஏதாவது."

பேராசிரியைக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எழுந்துகொண்டே, "விரல் நீளத்தைக்கூடச் சிலபேர் அளந்து பார்த்திருக்காங்க. மோதிர விரல், ஆள்காட்டி விரல், எது பெருசுன்னு. ஆம்பளைங்களுக்கு மோதிர விரல் பெருசா இருக்குமாம். ஒருத்தர் உண்டுங்கறார், ஒருத்தர் இல்லேங்கறார். அதை நம்பி ஒருத்தரை ஒன்னும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்ன கடைசி வாக்கியம் கதவுக்கு வெளியே நின்றிருந்த பியூன் காதில் விழவில்லை. அதற்கு முந்தினவை நன்றாக விழுந்தன. அந்தப் பியூனின் மைத்துனர் பத்திரிகையில் வேலை பார்க்கிறார். மறுநாள் காலை, "விரலில் இருக்கிறது விடை" என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. அன்று மாலைக்குள் ஊரில் ஸ்டீல் ஸ்கேல் கிடைக்கவில்லை.

அந்த வாரம் ஊரே உள்ளங்கையை விரித்துக்கொண்டு திரிந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவர்களின் விரல்களைப் பக்கத்தில் நின்றவர்கள் கண்ணால் அளந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். புகைப்படக்காரர்கள் பாஸ்போர்ட் போட்டோவோடு விரல் போட்டோவும் எடுத்துக் கொடுத்தார்கள். ஆள்காட்டி விரல் நீண்டிருந்த ஆண்கள் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, அடிபட்டுவிட்டது என்றார்கள். மூலகாரண அலுவலரும் அந்த வாரம் முழுவதும் வலது கையைப் பேன்ட் பையிலேயே வைத்திருந்து, இடது கையால் குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புகளை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

அக்காவுக்கு விரலெல்லாம் கிரேன் லீவரைப் பிடித்துப் பிடித்து வளைந்து போயிருந்தது. அளக்க வந்தவர் இரண்டு முறை அளந்து இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு வந்ததால், "கருவி நம்பகமானதல்ல" என்று எழுதிவிட்டுப் போனார். கருவி என்று அவர் சொன்னது ஸ்கேலையா விரலையா என்று தெரியவில்லை.

அடுத்து உற்பத்தியாளர் விசாரணை. அக்காவின் அப்பா உயிரோடு இல்லாததால், அவர் தரப்பில் அவருடைய மூத்த சகோதரியை, அதாவது அக்காவின் அத்தையை அழைத்திருந்தார்கள். அம்மாவும் அத்தையும் ஒரே பெஞ்சில், நடுவில் இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"கர்ப்ப காலத்துல வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துதாம்மா?" என்றார் மூலகாரண அலுவலர்.

"நடந்துது" என்றார் அம்மா.

பேனா தயாரானது. "என்ன நடந்துது?"

"உங்க ஆபீஸ்ல ஒரு சான்றிதழ் கேட்டு வந்தேன். ஒரே நாள்ல குடுத்துட்டாங்க."

அலுவலர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டு, நிச்சயமாக இந்த ஆபீஸ்தானா என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அத்தை தொண்டையைச் செருமினார். "நான் சொல்றேன் சார். இவ மாசமா இருக்கும்போது சுவத்தைச் சுரண்டிச் சுரண்டி சுண்ணாம்பு தின்னா. வேணாம்டின்னு எத்தனை தடவை சொன்னேன். அதான் இப்படி."

"அது உங்க வீட்டுச் சுவருதானே அண்ணி," என்றார் அம்மா. "சோறு ஒழுங்காப் போட்டிருந்தா நான் ஏன் சுவத்தைத் தின்னப் போறேன்?"

"எங்க குடும்பத்துல இந்த மாதிரி ஒருத்தரும் கிடையாது, எழுதிக்குங்க சார்."

"எங்க குடும்பத்துலயும் கிடையாது. அதனால என்ன? கிரேன் ஓட்டறவங்களும்தான் ரெண்டு குடும்பத்துலயும் கிடையாது. அதுக்கு என்ன காரணம்னு யாராவது கேட்டாங்களா?"

அலுவலர் இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் மனம் சுவரில் நின்றுவிட்டது. சுவரைக் கட்டியது யார்? சுண்ணாம்பு எங்கே வாங்கியது? கட்டிய கொத்தனார் காலமாகி எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது. அவருடைய வாரிசுகளுக்கு நோட்டீஸ் போனது. இரண்டு பேர் அத்தை வீட்டுக்கு வந்து, ஆதாரத்துக்காகச் சுவரைச் சுரண்டி எடுத்துப் போனார்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு ஜன்னல் உண்டாயிற்று. காற்று நன்றாக வருகிறது என்று அத்தை சொன்னதாகக் கேள்வி.

அன்று அம்மாவும் மகளும் வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். அக்காவுக்கு மனம் கனத்திருந்தது. காலையிலிருந்து மாலைவரை ஒருவரை ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தால், கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிடும். எவ்வளவு நெஞ்சுறுதி உள்ளவராக இருந்தாலும் வரும்.

"அம்மா, நிஜமாவே நீ யோசிச்சதே இல்லையா? நான் ஏன் இப்படின்னு?"

"யோசிச்சேனே. நீ அஞ்சாவது படிக்கும்போது. ரெண்டு நாள் சோறு தண்ணி இறங்காம யோசிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு பாப்பா. அதைப் பார்க்கவே நேரம் சரியா இருந்துது. காய்ச்சல் விட்டதும் இதை மறந்தே போச்சு."

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

இதற்குள் விவகாரம் மூலகாரணப் பிரிவின் இயக்குநர் காதுக்குப் போய்விட்டது. இயக்குநர் நவீன சிந்தனை உடையவர். வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குப் போய்வருபவர். போய்வரும்போதெல்லாம் ஒரு புதிய வார்த்தையைக் கொண்டுவந்து, அது பழசாகும்வரை அலுவலகத்தில் புழக்கத்தில் விடுவார். இந்தத் தடவை கொண்டுவந்திருந்த வார்த்தை மூளை.

"விரலாவது சுவராவது," என்றார் இயக்குநர். "இப்ப உலகமே மூளைக்குப் போயிடுச்சு. நாம மட்டும் சுண்ணாம்புல இருக்கோம். மூளையைப் படம் பிடிக்கற மெஷின் ஒன்னு வாங்கிப் போட்டுட்டா, ஒவ்வொருத்தரும் ஏன் ஆண், ஏன் பெண்ணுன்னு அரை மணி நேரத்துல சொல்லிடலாம்."

"மெஷின் கையெழுத்துப் போடுமா சார்?" என்று கேட்டார் மூலகாரண அலுவலர்.

"அச்சடிச்சே குடுக்கும்யா."

மூலகாரண அலுவலரின் கண்கள் கலங்கின. இப்படி ஒரு கருவிக்காகத்தான் அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்தார்.

அரசாங்கம் அவசரப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை ஊர் அப்போதுதான் பார்த்தது. மெஷின் வாங்க உத்தரவானது, பணம் கட்டியாயிற்று, மாதம் முடிவதற்குள் கப்பலும் வந்துவிட்டது. யானை அளவுக்கு ஒரு மரப்பெட்டி. அதைத் தூக்கப் பெரிய கிரேனால்தான் முடியும். பெரிய கிரேனை ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். ஒருவர் ஓய்வுபெற்று, முதுகுவலியோடு கட்டிலில் இருந்தார். இன்னொருவருக்கு லைசென்ஸ் இல்லை.

மூலகாரண அலுவலரின் அறையில் ஒரு கூட்டம் நடந்தது. மேற்பார்வையாளர் நிலைமையை விளக்கினார்.

"மெஷின் இறங்கணும்னா அக்கா மேல ஏறணும். அக்கா ஏறணும்னா லைசென்ஸ் வேணும்."

"லைசென்ஸ் வேணும்னா காரணம் தெரியணும்" என்றார் அலுவலர்.

"காரணம் தெரியணும்னா?"

"மெஷின் இறங்கணும்."

 மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. கப்பல்காரர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இயக்குநரே தம் கைப்பட ஓர் உத்தரவு எழுதினார். அந்த உத்தரவு பின்வருமாறு:

"மூலகாரணம் நிலுவையில் உள்ள மேற்படி நபர், மேற்படி பெட்டியை இறக்கும் பொருட்டு, மேற்படி நாளன்று காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை, காரணமின்றிப் பெண்ணாக இருக்க இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறார். அந்நேரத்துக்குரிய லைசென்ஸும் இதில் அடக்கம். மேற்படி நேரத்துக்கு முன்போ பின்போ அவ்வாறு இருப்பது அவருடைய சொந்தப் பொறுப்பாகும்."

அம்மா அதை இரண்டு முறை படித்தார். "ஒரு மணிக்கு மேல என்னடி பண்ணுவே?"

"சாப்பிடுவேன்" என்றார் அக்கா.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கெல்லாம் அக்கா ஏணியில் ஏறிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் பூட்டிக் கிடந்த கூண்டு. கண்ணாடியைத் துடைத்தார், இருக்கையைத் தட்டினார், லீவர்களைத் தொட்டுப் பார்த்தார். கீழே கடல், அதற்கு இந்தப் பக்கம் ஊர். அவருக்குப் பாட வேண்டும் போல் இருந்தது, கொஞ்சம் பாடவும் செய்தார். வாக்கிடாக்கி அணைக்கப்படாமல் இருந்ததால் துறைமுகம் முழுவதும் கேட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் பெட்டியைத் தூக்கவிடவில்லை. கீழே மேடை போட்டிருந்தார்கள். மெஷின் மண்ணைத் தொடும் தருணம் வரலாற்றுத் தருணம் என்பதால் இயக்குநர் பேச வேண்டியிருந்தது. அவர் பதினோரு மணிக்கு வந்தார். வந்த கார், மேடைக்குப் பக்கத்தில், லாரி நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். இயக்குநர் மூளையின் வலப்பக்கம் பற்றிப் பேசினார். பிறகு இடப்பக்கம் பற்றிப் பேசினார். நடுப்பக்கம் பற்றி எதுவும் தெரியாததால் தம்முடைய பயணங்களைப் பற்றிப் பேசினார். அவர் கொடியசைத்தபோது ஒரு மணிக்குக் கொஞ்ச நேரமே பாக்கி.

அக்கா பெட்டியைத் தூக்கினார். கப்பலின் வயிற்றிலிருந்து அது ஆடாமல் அசையாமல் மேலே வந்தது, கடலைத் தாண்டியது, கரைக்கு வந்தது. கூட்டம் கைதட்டியது. அப்போது மூலகாரண அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நிறுத்துங்க" என்றார் வாக்கிடாக்கியில்.

அக்கா நிறுத்தினார். பெட்டி இயக்குநரின் காருக்கு நேர் மேலே நின்றது.

"என்னய்யா?" என்றார் இயக்குநர். "இறக்கச் சொல்லு."

"யாரைச் சார் சொல்றது?"

"மேல இருக்கறவங்களைத்தான்."

"மணி ஒன்னாயிடுச்சு சார். இப்ப அவங்க யாருன்னு கோப்புல இல்லை. லைசென்ஸும் இல்லை. இனிமே லீவரைத் தொட்டா விதிமீறல்."

"அப்ப பெட்டி?"

அலுவலர் யோசித்தார். "பெட்டி அங்கேயே இருக்கலாம் சார். அதுக்கு விதியில தடை எதுவும் இல்லை."

காற்று வீசியது. பெட்டி மெதுவாக ஒரு அரை வட்டம் சுற்றியது. கீழே நின்றவர்கள் எல்லோரும் அதோடு சேர்ந்து தலையைச் சாய்த்தார்கள். டிரைவரைத் தேடி நாலு பேர் ஓடினார்கள். மேஸ்திரிக்குத்தான் அக்காவின் நினைப்பு வந்தது. "அக்கா, மேல ஒன்னும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார்.

"எனக்கென்ன பிரச்சினை," என்று வாக்கிடாக்கியில் பதில் வந்தது. "நான்தான் இல்லவே இல்லையாமே. டிபன் பாக்ஸைத் திறக்கலாமா, அதுக்கும் உத்தரவு வேணுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

இயக்குநர் ஒரு மணி நேரம் நீட்டிக்கச் சொன்னார். நீட்டிப்பு உத்தரவைத் தட்டச்சு செய்ய அலுவலகத்துக்கு ஆள் போயிற்று. முத்திரை இருந்த அலமாரியின் சாவி, சாப்பிடப் போனவரிடம் இருந்தது. ஒன்று முதல் இரண்டு மணி வரை பெண்ணாக இருக்க அனுமதிக்கும் உத்தரவு, இரண்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம் கழித்து வந்து சேர்ந்தது. மூலகாரண அலுவலர் அதை வாங்கிப் படித்து, "காலாவதி" என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார்.

மறுபடியும் காற்று வந்தது. சங்கிலி கிரீச்சென்றது. மெஷின் கம்பெனியின் பிரதிநிதி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏய்யா, நேரமே போடாம எழுதுய்யா," என்றார் இயக்குநர். அவருடைய நவீன சிந்தனையெல்லாம் அந்தப் பெட்டியின் அடிப்பலகையிலேயே இருந்தது. "மறு உத்தரவு வரும் வரைன்னு எழுது. இங்கேயே எழுது. என் முதுகுல வச்சு எழுது."

மூலகாரண அலுவலர் இயக்குநரின் முதுகில் வைத்து எழுதினார். மறு உத்தரவு வரும் வரை என்றால் என்ன என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மறு உத்தரவு வரும் வரை என்று ஒரு நடைவழி விளக்கை அணைத்தார்கள். அதை அணைத்தவர் ஓய்வுபெற்று, அவர் பையன் அதே இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, இன்னும் தடவித்தான் நடக்கிறார்.

"மேற்படி நபர், மறு உத்தரவு வரும் வரை, லைசென்ஸ் உட்பட, காரணமின்றிப் பெண்ணாக இருக்க அனுமதிக்கப்படுகிறார்" என்று அலுவலர் வாக்கிடாக்கியில் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

மேலே அக்கா அழுதுகொண்டிருந்தார். பத்து நிமிஷம் முன்னால்வரை அதை வேடிக்கையாக நினைத்தவர்தான். ஆனால் ஒரு நாளும் யாரும் எழுதித் தராததை, இவ்வளவு மடத்தனமான வார்த்தைகளில் எழுதித் தந்தபோதும், கண்ணீர் வந்துவிட்டது. அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் லீவரைப் பிடித்து, பெட்டியைச் சற்று நகர்த்தி, காருக்குப் பக்கத்தில் பூப்போல வைத்தார்.

மெஷினைப் பொருத்தினார்கள். எந்த மெஷினையும் முதலில் விடை தெரிந்த ஒன்றை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதால், சந்தேகத்துக்கு இடமில்லாத ஆண்கள் என்ற முறையில் இயக்குநரும் மூலகாரண அலுவலரும் உள்ளே படுத்தார்கள். பேராசிரியை படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் மூளை இருக்கு" என்றார்.

"காரணம்?" என்றார் அலுவலர்.

"அது இதுல தெரியாது சார். ஆயிரம் பேர் படத்தைச் சேர்த்து வச்சு சராசரி பார்த்தா ஏதோ கொஞ்சம் வித்தியாசம் சொல்லலாம். ஒருத்தர் படத்தைப் பார்த்து அவர் ஏன் ஆணுன்னு சொல்ல முடியாது. இதைத்தான் அன்னிக்கும் சொன்னேன்."

மூலகாரண அலுவலர் நேர்மையானவர் என்று முதலிலேயே சொன்னேன். தம்முடைய பெயருக்கும் இயக்குநரின் பெயருக்கும் எதிரே, "மூலகாரணம் காணப்படவில்லை" என்று எழுதினார். 

ஆடிட்டர்கள் வந்தார்கள். அவர்களுடைய ஆட்சேபணை ஒரே பத்திதான். காரணமின்றி ஒரு பாலினத்தில் இருப்பதற்கு அனுமதி தேவை என்பது இவ்வலுவலகத்தின் உத்தரவாலேயே உறுதியாகிறது. அப்படியொரு அனுமதி இந்த ஊரில் ஒரே ஒருவரிடம் மட்டுமே உள்ளது. மற்றவர்கள் இதுநாள்வரை எந்த உத்தரவின் பேரில் ஆணாகவும் பெண்ணாகவும் இருந்துவருகிறார்கள் என்பது விளக்கப்பட வேண்டும்.

அதற்குப் பிறகு ஊரில் எழுந்த அமளியை எழுத இடம் போதாது. விரல் போய் அனுமதி வந்தது. கல்யாண விளம்பரங்களில் "அனுமதி பெற்ற மணமகன்" என்று போட்டார்கள். அத்தை தம் வீட்டு ஜன்னலைக் காட்டி, "இந்தச் சுவரோட சுண்ணாம்புலதான் எல்லாம் ஆரம்பிச்சுது" என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்னார். அனுமதிக்கு மனுப் போடுகிறவர்கள் முன்னுதாரண உத்தரவின் நகலை இணைக்க வேண்டும், அசலை வைத்திருப்பவர் அதில் சான்றொப்பம் இட வேண்டும் என்று விதி. அசல் அக்காவின் டிபன் பாக்ஸ் பையில் இருந்தது. ஆகவே தினமும் மதியம் கிரேனின் காலடியில் வரிசை நின்றது. அக்கா ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நாள் வரிசையின் கடைசியில் மூலகாரண அலுவலர் நின்றிருந்தார். அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. ஆண் என்பதற்கு அனுமதி இல்லாததால் அது நின்றுபோயிருந்தது. அக்கா தாளை வாங்கி, கையெழுத்துப் போட்டு, திருப்பிக் கொடுத்தார். அவர் நகரவில்லை.

"என்ன சார்?"

"நீங்க என்னை ஒன்னும் கேக்கலையே."

"என்ன கேக்கணும்?"

"ஏன்னு."

அக்கா டிபன் பாக்ஸைக் கழுவினார். "கேட்டா பதில் வச்சிருக்கீங்களா சார்?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தார் போலிருக்கிறது.  கப்பலின் சங்கு ஊதியது. அக்காவுக்கு வேலை இருந்தது, ஏணியில் ஏறிப் போய்விட்டார். அலுவலர் பொழுது சாயும்வரை அங்கேயே நின்று யோசித்ததாகச் சொல்கிறார்கள்.

மனுக்கள் மலைபோலக் குவிந்துவிட்டதால் புதிதாக வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே மனுக் கொடுக்கத் தவறிய நாம் எல்லோரும், இதை எழுதுகிற நானும் படிக்கிற நீங்களும், இப்போதைக்கு அனுமதி இல்லாமல்தான் இருந்துவருகிறோம். யாராவது வந்து காரணம் கேட்டால் என்ன சொல்வதென்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துவைத்துக்கொள்வது நல்லது.